மருதமுனைப் போத்தல்

வளர்க்கப் போட்ட உயிர்க்கலங்கள் போத்தலில் ஒட்டவில்லை, என்ன செய்யலாம் என்று இப்போது ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓய்வுபெற்று வீட்டில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? கலங்களுக்கு ஊட்டும் சீரத்தை மாற்றிப் பாருங்கள், அவற்றைப் பிரிக்கும் நொதியத்தை நெடுநேரம் விடாதீர்கள் என்று கையேட்டில் உள்ளதைத்தான் நானும் சொல்வேன். அந்தக் கலங்கள் யாருடையவை என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். குப்பியில் ஓர் இலக்கம் இருக்கிறது மிஸ், உறையவைத்து வெளிநாட்டிலிருந்து வந்தது என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அது அவருடைய குற்றமில்லை. எங்களுக்கு அப்படி வாய்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கலங்கள் மண்சட்டியில் வந்தன. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய காலம். கல்முனையில் கடற்கரைக்குப் போகும் வீதியொன்றில், வாடகை வீட்டில், எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. பிள்ளைகளைத் தாக்கும் காய்ச்சல்களையும், கைகால் சோர்ந்துபோகும் நோயையும் எந்த வைரசு உண்டாக்குகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பினால் வழியில் பட்ட சூட்டிலேயே வைரசு செத்துப்போகும். அதனால்தான் அதை எங்கள் ஊரிலேயே வளர்த்துப் பார்க்கத் துணிந்தோம். வைரசு தனியாக வளராது, அதற்கு உயிருள்ள கலம் வேண்டும். பிள்ளை பிறந்த பின் வெளியேறும் நச்சுக்கொடியோடு பன்னீர்க்குடத்துத் தோலும் வருமல்லவா, அந்தத் தோலை உரித்தெடுத்து, கலங்களைப் பிரித்து, கண்ணாடிப் போத்தலில் வளர்த்தோம். பிள்ளைக்கும் தாய்க்கும் இனி வேண்டாத தோல். அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு அவர் சேர். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆகையால் விடுகிறேன். நான் பக்கத்து ஊரான சாய்ந்தமருதுப் பெண் என்பதால் பிள்ளை பெற்ற வீடுகளுக்குள் போய்வர என்னால் முடிந்தது. ஆனால் தொடக்கத்தில் நான் போகவில்லை. பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவ மாதிடம் சொல்லிவைப்போம், வீட்டுக்காரர் சட்டியில் கொடுத்தனுப்புவார்கள். வந்த சட்டியிலிருந்து ஒரு கலமும் ஒட்டவில்லை. சேர் தண்ணீரைச் சந்தேகித்தார், சீரத்தைச் சந்தேகித்தார், கடைசியில் என் கையையும் சந்தேகித்தார்.

ஒருநாள் பொறுக்காமல் நானே ஒரு பிள்ளைபெற்ற வீட்டுக்குப் போனேன். பெற்றவளின் உம்மா புதுச் சட்டியில் நச்சுக்கொடியை வைத்தார். அதன்மேல் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். பிறகு இன்னொரு கை.

"என்னத்துக்கு மாமி உப்பு?"

"உப்புப் போடாம எப்படி மிஸ் குடுக்கிற? புள்ளட சாமானெல்லா. நாய் நரி கிட்ட வரப்படாது."

வீட்டு வளவுக்குள் குழிவெட்டித் தாழ்க்கும்போது செய்கிற மரியாதையை எங்களுக்குத் தரும்போதும் செய்திருக்கிறார்கள். அந்த உப்பில் எந்தக் கலம் பிழைக்கும்? எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை, பெரிய நிம்மதிதான் வந்தது. அன்றிலிருந்து நானே கொதிக்கவைத்த கத்தரிக்கோலும் கரைசலும் கொண்டுபோனேன். தோலை மட்டும் உரித்துக்கொண்டு மற்றதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். அவர்கள் உப்பிட்டுத் தாழ்த்துக்கொள்வார்கள். நீங்கள் ஒரு வீட்டிலிருந்து எதையாவது எடுக்கப் போனால், நீங்கள் வராதிருந்தால் அதை அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். கையேட்டில் இது இருக்காது.

கலங்கள் ஒட்டத் தொடங்கின. மத்தியானங்களில் அந்த வீடு ஒரு மாதிரி மயங்கிக் கிடக்கும். கடற்காற்று ஓய்ந்துபோகும் நேரம். போத்தல்களை வெதுவெதுப்பில் வைத்திருக்கும் சூட்டுப் பெட்டியின் கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரியும். நான் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி இருப்பேன். முதலில் கலங்கள் உருண்டைகளாக மிதக்கும். பிறகு ஒன்றிரண்டு அடியில் தங்கும், தட்டையாகும், பக்கத்தில் இருப்பதைத் தேடிக் கரை நீட்டும். அவை நகர்வதைக் கண்ணால் காண முடியாது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கும். நான் பார்க்காத நேரம் பார்த்துத்தான் எல்லாம் நடக்கிறது என்று தோன்றும். வீதியில் போகும் மீன்காரரின் கூவல் சில நாள் அந்தப் போத்தலுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். சேர் பின்னால் வந்து நின்று, "என்ன, நித்திரையே?" என்பார். "இல்ல சேர், பாத்துக்கொண்டிருக்கன்" என்பேன். இரண்டும் உண்மைதான்.

மருதமுனையில் சுபைதா என்ற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தபோதும் நான்தான் போனேன். அந்த ஊரில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும், அவளும் புருசனும் நெசவுக்காரர். பெண்பிள்ளை. நான் அடுத்த அறையில் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது அது அழுதது, சன்னமாக, இடைவிட்டு இடைவிட்டு. அவளுடைய சம்மதத்தோடுதான் எடுத்தேன். அவள் படுத்தபடி தலையை ஆட்டினாள். பேர் வைக்கும் நாளுக்கு முன்னமே பிள்ளை மவுத்தாகி, அடக்கமும் செய்தாயிற்று என்று மருத்துவ மாது பிறகு வந்து சொன்னார். இனி அவளுக்குப் பிள்ளை தங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். நான் அன்று வேலை செய்யவில்லை. ஆனால் போத்தல்களுக்குக் கரைசல் மாற்ற வேண்டியிருந்தது, மாற்றினேன். நாங்கள் போத்தல்களை ஊர்ப் பேரால்தான் அழைப்போம். மருதமுனைப் போத்தல்களில் கலங்கள் மளமளவென்று நிறைந்தன.

அது மாரிகாலம். சுவரெல்லாம் ஈரம். பூஞ்சணம் ஒவ்வொரு போத்தலாகப் பிடித்துக்கொண்டு வந்தது. மற்ற ஊர்ப் போத்தல்களெல்லாம் கெட்டுப்போக, மருதமுனைப் போத்தல்களில் இரண்டு மட்டும் தப்பின. சேர் விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருந்தார். அவர் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மாதிரி வந்தால் வைச்சுக்கொண்டிராதையும். உடனே போத்தலுக்குள்ளை ஊத்தும்."

மாதிரி வந்தது. அக்கரைப்பற்றிலிருந்து சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஐஸ் நிறைத்த பிளாஸ்க்கோடு வந்து இறங்கினார். காய்ச்சல் வந்து கால் சோர்ந்துபோன ஒரு சிறுவனின் மலம். அதே ஒழுங்கையில் இன்னும் பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல். இது போலியோதான் என்று நாங்கள் உறுதிசெய்து கொடுத்தால் கொழும்பிலிருந்து சொட்டு மருந்தை உடனே அனுப்புவார்கள். இல்லையென்றால் இது சாதாரணக் காய்ச்சல் என்று காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகளின் கால் போகுமோ என்பது அவருடைய கவலை.

நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் சுபைதா நின்றாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத பெண் வீட்டுப்படி தாண்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தலையை மூடியிருந்த சீலையின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். புருசன் கேற்றடியில் நின்றார், உள்ளே வரவில்லை. கதிரையைக் காட்டினேன். அவள் நிலத்தில் குந்தினாள்.

"மிஸ், எண்ட புள்ளட மிச்சம் இஞ்ச உசிரோட இரிக்கி எண்டு கதைக்காங்க. மெய்யா?"

வெளிநாட்டில் கண்ணாடிக்குள் கருத்தரித்த பிள்ளை ஒன்று பிறந்ததாக ரேடியோவில் சொல்லியிருந்த காலம் அது. தறிக்குத் தறி அந்தக் கதை போய், கல்முனையில் போத்தலுக்குள் பிள்ளை வளர்க்கிறார்கள் என்று முடிந்திருந்தது. சந்தையில் என்னைக் கண்டால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். அந்தக் கதையை நம்பி ஒருத்தி நடந்து வருவாள் என்று நான் நினைத்ததில்லை.

பரிசோதகர் எனக்குப் பின்னால் நின்று மெல்லச் சொன்னார். "இல்லையெண்டு சொல்லுங்க மிஸ். எல்லாம் செத்துப்போன எண்டு சொல்லிட்டு அனுப்புங்க. ஐஸ் கரையிது."

அவர் கல்நெஞ்சால் அப்படிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டுப் போயிருப்பாள், எனக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் சூட்டுப் பெட்டி எனக்கும் அவளுக்கும் நடுவே, கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"ஓம்," என்றேன். "இரிக்கி."

அவள் முகம் மாறியது. அந்த முகத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அப்ப வளத்துத் தாங்க மிஸ். எவ்வளவு காலமெண்டாலும் நான் காத்திரிக்கன்."

அவளை உள்ளே கூட்டிப்போனேன். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம், நீங்களும் விடாதீர்கள். அன்று நான் விட்டேன். போத்தலை நுணுக்குக்காட்டியில் வைத்து, எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று காட்டினேன். முதலில் அவளுக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு அசையாமல் இருந்தாள். மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது, கடல் சத்தமும் கேட்டது. அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த அறையும் நாங்கள் இருவரும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது.

"நெருக்கமா நெய்ஞ்சிரிக்கி," என்றாள், கண்ணை எடுக்காமல். "ஒரு இழையும் விடுபடல்ல."

"ஓம்."

"இதில கை எது, கால் எது?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் அவ்வளவு படித்தேனோ என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு. "கையும் காலும் இதில இல்ல, சுபைதா. இது பன்னீர்க்குடத்துத் தோல். புள்ள உள்ளுக்கு கிடந்தாவெல்லா, அவவச் சுத்தி இருந்த. அவவோடயே வளந்த. அவவிட கலம்தான், அதில பொய் இல்ல. ஆனா எவ்வளவு காலம் வெச்சாலும் இது புள்ளையாகாது. கொஞ்ச நாள் இரிக்கும். மறுகா தானா உதிர்ந்துபோகும்."

அவள் கண்ணை எடுத்தாள். அழவில்லை. போத்தலை ஒரு விரலால் தொட்டாள், அது வெதுவெதுப்பாக இருந்தது.

"சூடா இரிக்கி ராத்தா."

எங்கள் ஊரில் அக்காவை ராத்தா என்போம். அதுவரை அவள் என்னை மிஸ் என்றுதான் அழைத்திருந்தாள்.

"அப்ப இத வெச்சு என்ன செய்யப்போறீங்க?"

சொன்னேன். வாசலில் பிளாஸ்க்கோடு நிற்கும் மனிதர் யார், அவர் எதைக் கொண்டுவந்திருக்கிறார், ஏன் அவசரப்படுகிறார் எல்லாவற்றையும் சொன்னேன். மாதிரியைப் போத்தலுக்குள் ஊற்ற வேண்டும் என்றேன்.

"ஊத்தினா?"

"அதில அந்த நோய் இருந்தா, இந்தக் கலமெல்லாம் செத்துப்போகும். அத வெச்சுத்தான் நாங்க நோயக் கண்டுபிடிக்கிற."

"ரெண்டு போத்தலையுமா?"

"இல்ல. ஒண்டுக்கு ஒண்டும் ஊத்துறல்ல. ஊத்தினது செத்தா, நோயால செத்ததா, வயசாகித் தானாச் செத்ததா எண்டு தெரிய வேணுமெல்லா. அதுக்கு ஊத்தாத ஒண்டு பக்கத்திலயே உசிரோட இரிக்க வேணும். ஒரே சூட்டில, ஒரே சாப்பாட்டில."

உங்களில் சிலர் அதை வீண் போத்தல் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். செலவு பார்த்து அதை விட்டுவிடுவதையும் கண்டிருக்கிறேன். நாங்கள் அதைச் சாட்சிப் போத்தல் என்போம். அதை விட்டால் மற்றப் போத்தல் எதனால் செத்தது என்று உங்களால் சொல்லவே முடியாது. அன்றைக்கு அதை அவளுக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் எனக்கே அது முழுதாக விளங்கியது.

பரிசோதகர் கதவடியில் வந்து நின்றார். பிளாஸ்க்கை ஆட்டிக் காட்டினார். உள்ளே தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. அவள் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. முன்னம் தலையாட்டினாள் என்பது உண்மை. அன்று பிள்ளை உயிரோடு இருந்தது. இன்றைக்கு அந்தச் சம்மதம் செல்லுமா? சேர் இருந்தால் செல்லும் என்றிருப்பார். நான் செல்லாது என்று நினைத்தேன், அதனால் மறுபடியும் கேட்டேன்.

"ஊத்தட்டா, சுபைதா?"

"ஆருட புள்ள?"

"எனக்குத் தெரியா. அக்கரைப்பற்றில ஒரு சின்னப் பொடியன்."

"இத ஊத்தினா அவன் நடப்பானா?"

நடப்பான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. "அவன் நடப்பானா எண்டு சொல்ல ஏலா. அந்த ஒழுங்கையில மத்தப் புள்ளையளுக்கு மருந்து வரும்."

அவள் எழுந்து வாசல்வரை போனாள். கேற்றடியில் நின்ற புருசனைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. திரும்பி வந்தாள்.

"ஊத்துங்க," என்றாள். "மத்தது எனக்கு வேணும். உங்கட வேல முடிஞ்சா அத எண்ட கையில தாங்க."

தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சேரைக் கேட்காமல்தான் கொடுத்தேன்.

ஊற்றிய போத்தலில் சில நாளில் மாற்றம் தெரிந்தது. விரிந்திருந்த கலங்கள் சுருங்கின, உருண்டன, ஒன்றையொன்று விட்டன. நெருக்கமாக இருந்த இடத்தில் ஓட்டை விழுந்து, அது பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் கண்ணாடி மட்டும் தெரிந்தது. பக்கத்தில் சாட்சிப் போத்தல் அப்படியே இருந்தது. பிறகு செய்ய வேண்டிய சோதனையைச் செய்து, போலியோதான் என்று உறுதிசெய்தோம். சொட்டு மருந்து வந்தது. அக்கரைப்பற்றில் தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீதி முனைவரை வரிசையில் நின்றார்களாம். பரிசோதகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொடியன் காலை இழுத்துத்தான் நடக்கிறான் என்பதையும் சொன்னார்.

வேலை முடிந்தும் சாட்சிப் போத்தலுக்கு நான் கரைசல் மாற்றிக்கொண்டிருந்தேன். சேர் கண்டுபிடித்துவிட்டார்.

"அது முடிஞ்ச விசயம். ஏன் இன்னும் சீரத்தைச் செலவழிக்கிறீர்?"

நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாக்குக் குடுத்தனீரெண்டால் நல்லாப் பாரும்," என்றார். பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

மழை போய் வெயில் வந்தது. மத்தியானங்கள் மறுபடியும் மயங்கத் தொடங்கின. ஒருநாள் கலங்களின் ஓரங்கள் மங்கலாகத் தெரிந்தன. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு மேலே எழும்பின. நோயில்லை, பூஞ்சணமில்லை, காலம்தான். நான் அவற்றைத் தடுக்க ஒன்றும் செய்யவில்லை. மருத்துவ மாதிடம் சொல்லியனுப்பினேன்.

சுபைதா புருசனோடு வந்தாள். சிறிய புதுச் சட்டி ஒன்றும், மடித்த வெள்ளைத் துணி ஒன்றும் கொண்டுவந்தாள். துணி அவள் தறியில் நெய்தது. போத்தலைத் திறந்து சட்டிக்குள் ஊற்றினேன். கொஞ்சம் கலங்கிய நீர், அவ்வளவுதான். புருசன் பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்கினார். அவள் துணியால் சட்டியின் வாயைக் கட்டினாள். பிள்ளையை அடக்கிய கபுறடிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். நான் வாசல்வரை வந்தேன். அங்கே அவள் நின்றாள்.

"மத்தப் போத்தல் எங்க ராத்தா?"

நோய் ஊற்றிய எதையும் அவிக்காமல் வெளியே விடக்கூடாது என்றேன். அவித்தாயிற்று, கொட்டியாயிற்று, போத்தலைக் கழுவியும் வைத்தாயிற்று. அந்தக் காலத்தில் போத்தலை எறிவதில்லை, கழுவித் திரும்பவும் பாவிப்போம்.

"இது எண்ட ஆசைக்கு இருந்த," என்று சட்டியைக் காட்டினாள். "அதுதானே வேல செஞ்ச. அதுதான் எண்ட புள்ள."

அவளைப் பின்பக்கம் கழுவும் அறைக்குக் கூட்டிப்போனேன். பலகைத் தட்டில் போத்தல்கள் கவிழ்ந்தபடி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. யன்னலால் வந்த வெயில் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விழுந்திருந்தது.

"எது எண்டு எனக்குத் தெரியா, சுபைதா," என்றேன்.

அவள் தட்டின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, எல்லாப் போத்தலையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.